கீழிருந்து மேலே

காலையில் கெட்டிலில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் பல் விளக்கிவிடலாம். சட்டையின் காலரையும் முன்பக்கத்தையும் மட்டும் இஸ்திரி போடுவேன். மேலே ஸ்வெட்டர் வரும், மற்றது யாருக்கும் தெரியாது. ரொட்டி இரண்டு துண்டு, முட்டை ஒன்று. தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். சாவி, அடையாள அட்டை, குடை. இடது ஷூவின் கயிறு நுனியில் பிரிந்திருக்கிறது. தினமும் அதை எச்சில் தொட்டு முறுக்கி ஓட்டையில் நுழைப்பேன். புதுக் கயிறு வாங்க வேண்டும் என்று நினைப்பேன். வாங்க மாட்டேன்.

அன்றும் அப்படித்தான். கயிற்றை நுழைத்துக்கொண்டிருந்தபோது அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார். என் மனைவியின் அம்மா. மகள் போனபிறகு என்னோடுதான் இருக்கிறார். யார் யாரைப் பார்த்துக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“மாப்பிள்ளை, குடை எடுத்துக்கிட்டீங்களா?”

தலையை ஆட்டினேன்.

“இதுக்கு எடுத்தாச்சுன்னு அர்த்தமா, எடுக்கலைன்னு அர்த்தமா? உங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே ஆட்டு.”

குடையைத் தூக்கிக் காட்டினேன். அத்தை போகவில்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். கை ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

“கேட்டா கோவிச்சுக்காதீங்க. உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப கடைசியா உங்ககிட்டதானே பேசினா. என்ன சொன்னா?”

“ஒண்ணுமில்ல அத்தை. ஆபீஸ் விஷயம்.”

“ஆபரேஷனுக்குப் போறவ ஆபீஸ் விஷயமா பேசுவா?”

“அவ பேசுவா.”

அத்தை நம்பவில்லை. இந்தக் கேள்வியை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். நானும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். ஏதோ பெரிதாகச் சொல்லியிருப்பாள், நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்.

“சரி, உங்களுக்குள்ள இருக்கறது உங்களுக்குள்ளயே இருக்கட்டும்” என்று உள்ளே போய்விட்டார்.

பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எனக்குச் சொன்னது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஜூன் மாதக் கடைசி.

எங்கள் ஆபீஸின் வேலை எண்ணுவது. கடை, பள்ளி, தொழிற்சாலை, எங்கே கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும் எங்களுக்குத் தெரிவிக்கலாம். தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. தெரிவித்தால் என்ன செய்வதென்று வழி சொல்வோம். எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வோம். வருடக் கடைசியில் அறிக்கை போடுவோம். அறிக்கை தடிமனாக இருக்கும். எல்லோரும் பார்ப்பது ஒரே ஒரு பக்கத்தை. வருடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்த கோடு.

அந்தக் கோட்டைப் போடுபவன் நான். கல்லூரியில் புள்ளியியல் படித்தேன். ஆபீஸில் என் பெயரே ‘புள்ளி’தான். வைத்தவள் அங்கேயே வேலை பார்த்த என் மனைவி. “பெரிய புள்ளி வர்றாரு, வழி விடுங்கப்பா” என்பாள். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அவளுக்கு ஜன்னலோர மேஜை. மேஜையில் ஒரு தொலைபேசி. வைரஸ் வந்தவர்கள் கூப்பிடுவது அந்த எண்ணுக்குத்தான். பேசிக்கொண்டே படிவத்தை நிரப்புவாள்.

அவள் போனபின் அந்த மேஜைக்கு ஆள் வரவில்லை. ஜூலையில் படிவத்தை இணையத்தில் ஏற்றினோம். தொலைபேசி அங்கேயே இருந்தது. முதலில் நிறைய அடித்தது. யாரும் எடுக்காததால் மெல்ல மெல்லக் குறைந்தது. நாற்காலியும் அங்கேயே இருந்தது, அவள் போட்டிருந்த பச்சை மெத்தையோடு.

கோடு எட்டு வருடமாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வந்தவை. பிறகு மின்னஞ்சலில் வந்தவை. பிறகு கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பவை. வகை மாறியது. கோடு மட்டும் இறங்கியதில்லை. இந்த வருடம் இறங்கியது. கால்வாசி.

மேடம் அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். எங்கள் இயக்குநர்.

“புள்ளி, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குய்யா. இந்த ஆபீஸ் திறந்த நாள்லேருந்து ஏறுது ஏறுதுன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு முடி நரைச்சுப் போச்சு. வியாழக்கிழமை பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டிருக்கேன். ‘வைரஸ் தொற்று கால்வாசி குறைந்தது.’ தலைப்பு எப்படி?”

தலையை ஆட்டினேன்.

“அப்புறம்…” மேடம் ஜன்னல் பக்கம் பார்க்காமல் சொன்னார். “அந்த ஃபோனும் இனிமே தண்டம்தான். வருஷம் முடிஞ்சதும் லைனை எடுத்துடச் சொல்லவா?”

அதற்கும் ஆட்டினேன்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்குப் பசியில்லை. தலைப்புக்குக் கீழே ஒரு பத்தி எழுத வேண்டும். கோடு ஏன் இறங்கியது என்று. பாதுகாப்பு மென்பொருள் நன்றாகிவிட்டது, மக்களுக்கு விழிப்புணர்வு வந்துவிட்டது என்று எழுதினேன். எழுதியதை நானே நம்பவில்லை. எந்த மென்பொருளும் ஒரே வருடத்தில் அப்படி நன்றாகிவிடாது. மக்கள் அதைவிட நிதானம்.

ஜன்னலோரத் தொலைபேசி அடித்தது.

நிற்கட்டும் என்று இருந்தேன். நிற்கவில்லை. எழுந்து போய் எடுத்தேன்.

“ஹலோ, அந்தம்மா இல்லையா?”

தலையை ஆட்டினேன். தொலைபேசியில் ஆட்டி என்ன பயன்.

“ஹலோ! இருக்கீங்களா, இல்ல நான் பாட்டுக்குச் சுவத்துக்கிட்ட பேசறேனா?”

“இருக்கேன். சொல்லுங்க.”

“மூக்குக்கண்ணாடிக் கடைலேருந்து பேசறேன். அந்தம்மாவுக்குத் தெரியும். லீவா?”

“நான் எழுதிக்கறேன். என்ன ஆச்சு?”

“அதேதான், திரும்பவும். திரை முழுக்க கண்ட கண்ட விளம்பரம். சட்டை போடாத பொம்பளைங்க. ஒருத்தர் கண்ணு டெஸ்ட் பண்ண உக்காந்திருக்காரு. எழுத்து தெரியுதா சார்னு கேக்கறேன். ‘எழுத்து தெரியல, பக்கத்துல இருக்கறது நல்லாவே தெரியுது’ங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்?”

மேஜை டிராயரில் பழைய அச்சுப் படிவக் கட்டு இருந்தது. ஒன்றைக் கிழித்து எடுத்தேன். முதல் வரியைப் படித்தேன்.

“தொற்றுக்குக் காரணமானவர் யாரு? பேரு, பதவி.”

“நீங்களுமா?” என்றார் கடைக்காரர்.

“என்னது?”

“அந்த இன்டர்நெட் ஃபாரமும் எடுத்த எடுப்புல இதையேதான் கேக்குது. ரெண்டு தடவை திறந்தேன், ரெண்டு தடவையும் மூடிட்டேன். அமுக்கினது என் பொண்டாட்டி சார். ‘உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது’ன்னு ஒரு மெயில். அமுக்கிட்டா. அதுக்காக அவ பேரை உங்க ஆபீசுக்கு எழுதிக் குடுப்பேனா? பதவி வேற வேணுமாம். என்னன்னு போட? பொண்டாட்டின்னா, முதலாளின்னா?”

பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. “முதலாளின்னே போடுங்க. தப்பில்ல.”

“பாத்தீங்களா? அந்தம்மா இப்படிக் கேக்கவே மாட்டாங்க. அவங்க முதல்ல கேக்கறது, ‘இப்ப உங்களுக்கு என்ன வேணும்?’ அவ்வளவுதான். நான் கொட்டித் தீர்த்துடுவேன். யாரு அமுக்கினதுங்கறதைக்கூட நானா சொல்லிட்டேன், போன தடவை.”

கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். ‘இப்போது உங்களுக்கு என்ன தேவை?’ அதுதான் கடைசிக் கேள்வி.

அவள் படிவத்தைக் கீழிருந்து மேலே நிரப்புவாள். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தலைகீழ் கேஸ் என்று கிண்டல் செய்வோம். “மேலேருந்து கேட்டா அது போலீஸ். கீழேருந்து கேட்டா டாக்டர். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா எங்க போவீங்க?” என்பாள். படிவத்தை இணையத்தில் ஏற்றியபோது அச்சில் இருந்த வரிசையிலேயே ஏற்றினோம். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது படிவத்தின் பழக்கம் அல்ல, அவளுடைய பழக்கம். அவளோடு போய்விட்டது.

“சரி, அவங்க எப்ப வருவாங்க? வெள்ளிக்கிழமை நானே கூப்பிடறேன்னு சொன்னாங்க. ஆச்சு, ஆறு மாசம். கூப்பிடவே இல்ல. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.”

“அவங்க இறந்துட்டாங்க” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை. எனக்கு முன்னால் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.

“என்ன சார் சொல்றீங்க. சின்ன வயசுக் குரல் ஆச்சே.”

“சின்ன வயசுதான்.”

“நீங்க அவங்களுக்கு…”

“வீட்டுக்காரர்.”

“ஐயையோ. இது தெரியாம நான் பாட்டுக்கு வருத்தம் கிருத்தம்னு… மன்னிச்சுக்குங்க தம்பி.” சாராக இருந்தவன் தம்பியாகிவிட்டேன். அந்தப் பக்கம் கையால் வாயைப் பொத்திய மாதிரி ஒரு பேச்சு. பிறகு பெண்குரல் வந்தது.

“தம்பி, சாப்பிட்டீங்களா?”

“இல்லைங்க.”

“போய்ச் சாப்பிடுங்க முதல்ல. கம்ப்யூட்டர் கிடக்கட்டும். அதுக்கென்ன, வயிறா பசிக்குது?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். மெத்தை ஒரு பக்கம் அழுந்தியிருந்தது. அவள் காலை மடித்து ஒருக்களித்து உட்காருவாள்.

“அப்புறம் சாப்பிடறேன்” என்றேன். “இப்ப உங்களுக்கு என்ன வேணும்?”

கண்ணாடிக்கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார். கீழிருந்து மேலே எழுதினேன். எந்த இணைப்பைப் பிடுங்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று சொன்னேன். செய்துவிட்டு வந்து திரை சுத்தமாகிவிட்டது என்றார். கண்ணு டெஸ்ட்டுக்கு வந்தவருக்குத்தான் ஏமாற்றம் என்றார். பக்கத்துக் கடையிலும் இதே தொல்லை, அவரும் இணையத்தில் முதல் கேள்வியோடு மூடிவிட்டார் என்றார். முதல் வரி மட்டும் காலியாக இருந்தது. நான் கேட்கவில்லை. கடைக்காரரின் மனைவி தானாகவே தொலைபேசியை வாங்கி, “எழுதிக்குங்க தம்பி. நான்தான். பதவி, முதலாளி” என்றார்.

சர்வர் அறைக்குப் போனேன். அங்கே இருப்பவனை ‘ஃபேன்’ என்போம். அந்த அறையில் விசிறிச் சத்தம் ஓயாது. இவன் பேச்சும் ஓயாது.

“வாங்க புள்ளி! வழி தெரிஞ்சு வந்தீங்களா, தெரியாம வந்தீங்களா?”

“படிவத்தைத் திறந்துட்டு முடிக்காமப் போனவங்க எத்தனை பேருன்னு தெரியுமா?”

“சர்வருக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கா? எந்தக் கேள்வியில எழுந்து போனாங்கன்னுகூடத் தெரியும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நானும் என்னத்துக்கு வம்புன்னு இருந்துட்டேன்.”

எடுத்துக் கொடுத்தான். முடித்தவர்களைவிட முடிக்காமல் போனவர்கள் அதிகம். அநேகமாக எல்லோரும் முதல் கேள்வியில் போனவர்கள். இரண்டையும் கூட்டி, மாதவாரியாகப் புதுக்கோடு போட்டேன். அது இறங்கவில்லை. போன வருடம் ஏறிய வேகத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது. பழைய கோட்டையும் மாதவாரியாகப் பிரித்து அதன்மேல் வைத்தேன். ஜூன்வரை இரண்டும் ஒன்றாகவே வந்தன. அதன் பிறகு பழைய கோடு விழுந்தது.

ஃபேன் திரையைப் பார்த்தான். ஜூன் என்பதைப் பார்த்தான். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மேடம் சாப்பிட்டுவிட்டு வந்து பத்திரிகைக்காரர்களுக்கு நாற்காலி எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், தொற்று குறையல.”

“என்னய்யா இது? கோடு நீ போட்டதுதானே?”

“கோடு சரிதான். அதுக்கு நாம வச்ச பேருதான் தப்பு. குறைஞ்சது வைரஸ் இல்ல. நம்மகிட்ட வந்து சொல்றவங்க.”

தாளை மேஜையில் வைத்தேன். மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்பப் போய் ஏறிடுச்சுன்னு சொன்னா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?”

“குறைஞ்சுதுன்னு சொன்னா எல்லாரும் அசந்துடுவாங்க மேடம். வைரஸ் வந்தவங்க, நமக்கு மட்டும்தான் இப்படி ஆயிடுச்சுபோலன்னு இன்னும் கூசிப்போவாங்க. யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அடுத்த வருஷக் கோடு இன்னும் அழகா இறங்கும்.”

நான் இவ்வளவு பேசி மேடம் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஜூலையிலேருந்து இறங்குதுன்னு போட்டா, ஏன் ஜூலைன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?”

ஆட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. மேடமும் காத்திருந்தார்.

“ஜூன்ல அவ இறந்துட்டா. அவ இடத்துல நாம ஆள் போடல, படிவத்தைப் போட்டோம். அதையும் மேலேருந்து கீழே போட்டோம். அவ கீழேருந்து மேலே போவா.”

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“எனக்கென்னய்யா, படிவம்தான் ஒசத்தின்னு ஆசையா? அந்த நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்து, அதே ஃபோனை எடுத்து, ஹலோன்னு சொல்றதை நீ எதிர்ல உக்காந்து எப்படிக் கேப்பே? எனக்கே தாங்காது. அதான் ஆள் வேண்டாம்னு விட்டேன்.”

அது எனக்குத் தெரியாது. செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே மேடம்.”

“கேட்டேனே! நீ திரும்பி வேலைக்கு வந்த அன்னிக்கே கேட்டேன். ‘அந்த இடத்துக்கு ஆள் போடட்டுமா, உனக்குக் கஷ்டமா இருக்குமா’ன்னு. நீ தலைய ஆட்டினே.”

எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று நினைவில்லை. கேட்டதே நினைவில்லை.

“இப்பக் கேக்கறேன்” என்றார் மேடம். “ஆள் போடட்டுமா?”

“போடுங்க.”

“அதே நாற்காலியிலயா?”

“அதே நாற்காலியிலதான். மெத்தைய மட்டும் நான் எடுத்துக்கறேன்.”

மேடம் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பக்கத்தைப் பிய்த்தார். பசை சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு வந்தது. புதுத் தலைப்பை உட்கார்ந்து எழுதினோம். ‘தெரிவிக்கப்பட்ட தொற்றுகள் குறைந்தன. தொற்றுகள் குறையவில்லை.’ மேடம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நம்ம தலையில நாமே குட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. ஆனா இதுதானே நிஜம். வியாழக்கிழமை நீதான் நின்னு சொல்லணும். உன் கணக்கு, நீ சொன்னாத்தான் எடுபடும்.”

தலை பாதி ஆடிவிட்டது. நிறுத்தினேன்.

“சொல்றேன் மேடம்.”

நான் கிளம்பும்போது ஃபேன் படிவத்தைத் தலைகீழாகப் புரட்டி ஏற்றிவிட்டிருந்தான். பன்னிரண்டு கேள்விக்கு எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டியிருந்தது தெரியுமா என்று படிக்கட்டு வரை கூடவே வந்து சொன்னான்.

மழை பெய்தது. மெத்தையை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு குடையைப் பிடித்தேன். பஸ்ஸில் ஒரு பெண்மணி என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவளிடம் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அத்தை கதவைத் திறந்தார். மெத்தையை வாங்கினார். உடனே திருப்பி அடித்தையலைப் பார்த்தார்.

“இது நான் தைச்சதாச்சே. நாற்காலி குத்துதும்மான்னு சொன்னா. என் பழைய புடவையில தைச்சுக் குடுத்தேன். இன்னுமா வச்சிருந்தா?”

“தினமும் அதுலதான் உக்காந்தா.”

அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றவில்லை.

“அத்தை, காலையில கேட்டீங்களே.”

நிமிர்ந்தார்.

“தள்ளிக்கிட்டுப் போறாங்க. தலைக்கு அந்த நீலக் குல்லாய் போட்டிருந்தாங்க. நான் கூட நடந்தேன். கண்ணாடிக்கடைக்காரர் ஒருத்தருக்கு வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்னு சொல்லியிருக்கேன், நான் லீவுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பாவம் மனுஷன் ஃபோனையே பாத்துக்கிட்டிருப்பாருன்னா. நிஜமாவே ஆபீஸ் விஷயம்தான்.”

“அவ அப்பா மாதிரி” என்றார் அத்தை. மெத்தையின் ஓரத்தை விரலால் நீவினார். “சொன்னீங்களா அவர்கிட்ட?”

“இன்னிக்குத்தான் சொன்னேன்.”

“வேற ஒண்ணுமே சொல்லலையா?”

“ஒண்ணு சொன்னா. கடைக்காரர் விஷயத்துக்கு நான் சரின்னு தலைய ஆட்டினேன். அதுக்குள்ள கதவைத் திறந்துட்டாங்க. அவ தலைய மட்டும் தூக்கித் திரும்பிப் பாத்தா.”

“என்ன சொன்னா மாப்பிள்ளை?”

“ ‘புள்ளி, தலைய ஆட்டாதீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.’ ”